தொடாமல் விட்ட கோப்பை: ஊட்டி ஹோட்டல் ஒன்றில் ஒயின் கெட்டுப்போனது எங்கே?

ஆகஸ்ட் மாதம், நல்ல மழை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் நாற்பதாவது திருமண நாளைக் கொண்டாட ஊட்டிக்கு வந்திருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கணப்பு அடுப்பை ஒட்டிய மேஜை. ஐந்து வகை உணவு. நான்காவதாக வரும் ஆட்டுக்கறிக்கு என்று, பட்டியலில் விலை கூடிய சிவப்பு ஒயின் ஒன்றை முழு பாட்டிலாகக் கேட்டு வாங்கினார்கள். பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின் அது. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்ட தரவரிசையில் இடம்பெற்ற ஒரு தோட்டத்தினுடையது.

சாப்பாடு முடிந்தது. நன்றி சொன்னார்கள், பில்லைக் கட்டினார்கள், போனார்கள். ஒரு குறையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை உணவகத்தின் கேப்டன் மேனேஜரிடம் போய் நின்றார். கேத்தி பக்கத்துக் கிராமத்துக்காரர், அந்த உணவகத்தில் 26 வருடமாகப் பரிமாறுகிறவர். "சார், அவங்க ஒண்ணும் சொல்லல. ஆனா தட்டெல்லாம் காலி, கிளாஸ் மட்டும் அப்படியே இருந்துச்சு. பாட்டில்ல முக்காவாசி மிச்சம். நாப்பது வருஷக் கல்யாண நாளுக்குக் கேட்டு வாங்குனத யாரும் அப்படி விட்டுட்டுப் போக மாட்டாங்க."

இந்த ஆய்வு அந்தப் பேச்சில்தான் தொடங்குகிறது. உணவகங்களில் ஒயின் பரிமாறப் பயிற்சி கொடுப்பது என் வேலை. செப்டம்பர் முதல் வாரத்தில் என்னை அழைத்தார்கள். ஹோட்டலின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. நடந்ததை முழுவதுமாக எழுத ஹோட்டல்காரர்கள் சம்மதித்தார்கள், அதுவே பெரிய மனசு.

அந்த அறை

முதலில் ஒயின் அறையைச் சொல்லிவிட வேண்டும். அதைப் பார்த்ததும் நானும் ஏமாந்தேன்.

பழைய பங்களா ஒன்றை விரித்துக் கட்டிய ஹோட்டல் அது. பின்பக்கம் மலைச்சரிவைக் குடைந்து, கருங்கல் சுவர் எழுப்பி, ஒரு காலத்தில் உருளைக்கிழங்கும் விறகும் போட்டு வைத்திருந்த அறையைத்தான் செல்லராக மாற்றியிருக்கிறார்கள். வடக்குப் பார்த்த ஒற்றைக் கதவு, ஜன்னல் கிடையாது. உள்ளே ஆயிரத்துச் சொச்சம் பாட்டில்கள். நாசிக், நந்தி மலை ஒயின்களிலிருந்து பிரான்ஸ், இத்தாலி, போர்ச்சுகல் வரை எல்லாம் கிடைமட்டமாகப் படுத்திருந்தன. பாட்டிலைப் படுக்க வைத்தால்தான் கார்க் ஈரமாகவே இருக்கும். நிற்க வைத்தால் அது காய்ந்து சுருங்கி, காற்று உள்ளே போக வழி விட்டுவிடும்.

ஒயினுக்கு வேண்டியது 12, 13 டிகிரி வெப்பம், அறுபது எழுபது சதவீத ஈரப்பதம், இருட்டு, அதிர்வில்லாத இடம். வெப்பம் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்பது எல்லாவற்றிலும் முக்கியம். சென்னையில் இதற்காக இரவும் பகலும் இயந்திரம் ஓட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,350 அடி உயரத்தில் இருக்கும் ஊட்டியில் மலையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அறைக்குள் வெப்பமானியை வைத்து ஒரு வாரம் பார்த்தேன். 13-க்கும் 15-க்கும் நடுவிலேயே நின்றது. தென்னிந்தியாவில் இதைவிட நல்ல ஒயின் அறையை நான் பார்த்ததில்லை.

அறை அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் யாருக்கும் பாட்டில் மீது சந்தேகம் வரவில்லை.

எங்கெல்லாம் தேடினோம்

ஹோட்டலில் ஏற்கெனவே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தார்கள்: "கார்க் அடிச்சிருச்சு." இரண்டு மேஜைகளிலிருந்து இதே ஒயின் திரும்பி வந்திருந்தது, இரண்டு தடவையும் கார்க்கின் மேல் பழியைப் போட்டு வேறு பாட்டில் திறந்து கொடுத்திருக்கிறார்கள். மாற்றிக் கொடுத்தது நன்றாகவே இருந்திருக்கிறது. சரி, கார்க்தான் என்று விட்டுவிட்டார்கள்.

கார்க் கெடுவது உண்மையான நோய்தான். கார்க்கில் இருக்கும் சில பூஞ்சைகள் குளோரின் கலந்த சேர்மங்களோடு சேரும்போது ஒரு வேதிப்பொருள் உண்டாகிறது. துளியிலும் துளி இருந்தால் போதும், ஒயின் முழுக்க மழையில் ஊறிய அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. அதே ஒயினில் ஆறு பாட்டில் திறந்தேன். இரண்டு மிக அருமை. நான்கு செத்துக் கிடந்தன. ஆனால் அந்த நான்கில் ஒன்றில்கூட அட்டைப்பெட்டி வாடை இல்லை. கொதிக்கவிட்ட பேரீச்சம்பழம், அடிப்பிடித்த ஜாம் மாதிரி ஒரு தித்திப்பு வாடை. நிறத்தின் ஓரத்தில் பழுப்பு. நாக்கில் பட்டதும் எழ வேண்டிய புளிப்பு எழவே இல்லை.

செஃப்புக்கு வேறொரு எண்ணம் இருந்தது. "உயரம்தான் காரணம் சார்" என்றார். அவர் அப்படி நினைப்பதில் நியாயம் உண்டு. ஊட்டியில் தண்ணீர் 92 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும். அவரையும் துவரம்பருப்பும் வேக நேரமாகும், எலும்புச் சாறு இறக்கப் பெரிய குக்கர் இல்லாமல் நடக்காது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். கடல் மட்டத்தில் அடைத்த பாட்டிலுக்குள் இருக்கும் காற்று, இந்த உயரத்தில் கார்க்கைக் கொஞ்சம் வெளியே தள்ளப் பார்க்கும் என்பதும் சரி. ஆனால் அந்தத் தள்ளுதல் சிறியது. கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் நல்ல கார்க்கை அது மட்டும் அசைக்காது. உயரம்தான் குற்றவாளி என்றால் ஆறு பாட்டிலும் கெட்டிருக்க வேண்டும், இரண்டு எப்படித் தப்பின?

கோப்பைகளையும் பார்த்தோம். அங்கே நிஜமாகவே இரண்டு தவறுகள் இருந்தன. கோப்பையைத் துடைக்கும் துணிகள் மழைக்காலத்தில் காயாமல் ஊசல் வாடையோடு இருந்தன. காலி கோப்பைக்குள் மூக்கை விட்டாலே தெரிந்தது. இன்னொன்று, சாயங்காலம் சாப்பாட்டு அறையின் மரத்தரையை நீலகிரித் தைலம் கலந்த தண்ணீரில் துடைப்பார்கள். ஊரின் வாசனைதான், எனக்கும் பிடித்த வாசனைதான். ஆனால் தைலம் மூக்கில் ஏறிய பிறகு ஒயினின் நுண்மணம் ஒன்றும் பிடிபடாது. கேப்டனிடம் சொன்னதும் அன்று முதலே தைலத்தைக் காலை வேலையோடு நிறுத்திவிட்டார், துணிகளை அடுப்படிக் கொடியில் உலர்த்தச் சொன்னார். ஆனால் இதுவும் காரணமில்லை. ஒரே துணியில் துடைத்த கோப்பைகளில்தான் நல்லதையும் கெட்டதையும் ஊற்றியிருந்தோம்.

மூடியைத் திருகிப் பார்த்தபோது

அப்புறம்தான் பாட்டிலையே கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றியது. இதை முதலில் செய்திருக்க வேண்டும். அறையைப் பார்த்து மயங்கியதில் இரண்டு நாளை வீணாக்கினேன்.

பாட்டில் கழுத்தில் கார்க்குக்கு மேல் ஓர் உலோகத் தாள் மூடி இருக்கும். ஒயின் கசியாத பாட்டிலில் பெரும்பாலும் அதை விரலால் பிடித்துத் திருகினால் சுற்றும். கசிந்திருந்தால் ஒயின் காய்ந்து பசை போல ஒட்டிக்கொண்டு சுற்றாது. கெட்ட நான்கு பாட்டில்களிலும் கழுத்தில் மிச்சமிருந்த மூடித் தாள் சுற்றவில்லை. கழற்றி வைத்திருந்த கார்க்கைப் பார்த்தால் அதன் பக்கவாட்டில் கீழிருந்து மேல்வரை சிவப்புக் கோடு ஓடியிருந்தது. நல்ல இரண்டில் கார்க்கின் அடிப்பக்கம் மட்டும் சிவப்பு, பக்கமெல்லாம் சுத்தம்.

கசிவு செல்லருக்குள் நடந்திருக்க முடியாது. 15 டிகிரியில் இந்த ஒயின் கார்க்கை முட்டாது.

செல்லர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது ஓர் இளம்பெண். ஹோட்டல் மேலாண்மை படித்து முடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "அம்மணி, இது எப்ப வந்துச்சுன்னு பாரு" என்றார் கேப்டன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ரெண்டு தடவையா வந்திருக்கு" என்றாள். ஜனவரியில் 24 பாட்டில், மே மாதம் 36. ஒரே ஒயின், ஒரே விளைச்சல் வருடம் என்பதால் மே மாதம் வந்ததையும் அதே அடுக்கில், அதே எண்ணின் கீழ் ஜனவரிச் சரக்கோடு கலந்து அடுக்கியிருக்கிறார்கள். எந்த ஹோட்டலிலும் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் கை போன இடத்தைப் பொறுத்து ஒரு மேஜைக்கு நல்லது, அடுத்த மேஜைக்குக் கெட்டது என்று போயிருக்கிறது. மாற்றிக் கொடுத்த பாட்டில் நன்றாக இருந்ததும் அதனால்தான். எங்களைச் சுற்றவிட்டது இந்தக் கலப்பு.

இறக்குமதியாளர் பாட்டிலின் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கரில் இரண்டு சரக்குக்கும் மாதம் வேறு வேறாக இருந்தது. அதை வைத்து மீதியிருந்த 41 பாட்டில்களை அன்று மாலையே பிரித்தாள். ஜனவரியில் வந்தவை 14, மே மாதம் வந்தவை 27. கணக்குப் போட்டால், நான் வருவதற்கு முன் மே சரக்கில் ஐந்து பாட்டில் விருந்தினர் மேஜைக்குப் போயிருக்கிறது. திரும்பி வந்தது இரண்டுதான். மூன்று மேஜைக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயம்புத்தூர்த் தம்பதி அதில் ஒருவர். புகாருக்காகக் காத்திருக்கும் உணவகம் பாதிக்கு மேல் தெரியாமலே போகும் என்பதை இந்தக் கணக்கில்தான் கண்ணால் பார்த்தேன்.

மூன்று கோப்பைச் சோதனை

என் நாக்கை மட்டும் நம்பி 27 பாட்டிலைக் கெட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு மனமில்லை. மிக விலையுயர்ந்த சரக்கு. இறக்குமதி ஒயினுக்கு நம் நாட்டில் நீண்ட காலமாகச் சுங்க வரியே 150 சதவீதமாக இருந்தது. அதற்கு மேல் மாநில வரி.

ஆறு பேரை உட்கார வைத்தோம். ஆளுக்கு மூன்று கோப்பை. இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மட்டும் மற்ற மாதத்து ஒயின். எது ஒற்றை என்று சொல்ல வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னால் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் சரியாக அமையும், ஆறு பேரில் இரண்டு பேருக்கு. உணவுத் தொழிலில் பல காலமாகப் பயன்படும் முறை இது. பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், கோப்பைகளுக்கு எண் போடுகிறவரும் ஊற்றுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆறு பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற தேயிலைச் சுவைஞர். 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கும் குன்னூரில் வாழ்நாளெல்லாம் நாளைக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகளை உறிஞ்சித் துப்பியவர். மது அருந்துவதில்லை. வாயில் வைக்காமல் முகர்ந்து மட்டும் சொல்வேன் என்று ஒப்புக்கொண்டு வந்தார். மூன்று கோப்பையையும் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு நடுவில் இருந்ததைத் தள்ளி வைத்தார். "டிரையர்ல சூடு கூடிப்போன தேயிலை இப்படித்தான் இருக்கும் சார். நிறம் இருக்கும், உயிர் இருக்காது" என்றார். அது மே மாதத்து ஒயின்.

ஆறு பேரில் ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள். எனக்கு அது போதும்.

அந்தப் பெரியவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், காந்தி ஜயந்தி போன்ற நாட்களில் தமிழ்நாட்டில் ஹோட்டல் பார்களும் மூடியிருக்க வேண்டும். ஜனவரியில் அப்படி ஒரு நாளில் விருந்து இருந்தபோது, அவருடைய யோசனைப்படி நீலகிரியின் பனிக்காலத் தேயிலையை ஒயின் கோப்பையில் ஊற்றி ட்ரவுட் மீனோடு பரிமாறியிருக்கிறார்கள். ட்ரவுட்டும் இந்த மலைக்கு வந்து குடியேறிய மீன்தான். அவலாஞ்சியில் 1907-லேயே அதற்குக் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறித்த அந்தத் தேயிலைக்கு ஒரு பூமணம் உண்டு. இந்த உணவகத்தில் நான் சாப்பிட்டதிலேயே மனதில் நின்ற ஜோடி அதுதான். ஊழியர்களுக்கு முகர்ந்து பார்க்கும் பழக்கம் வந்ததும் அன்றுதான் என்றார் கேப்டன்.

மேட்டுப்பாளையம்

மே மாதச் சரக்கு எப்படி வந்தது? சென்னைக் கிடங்கிலிருந்து கிளம்பிய வண்டி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேட்டுப்பாளையம் சேர்ந்திருக்கிறது. மலர்க் கண்காட்சி நேரம். மலைப்பாதை முழுக்கக் கார்களும் பேருந்துகளும். பெரிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. ஹோட்டலிலும் அந்த வாரக் கூட்டத்தில் சரக்கை இறக்க ஆள் இல்லை, "திங்கள் ராத்திரி ஏத்துங்க" என்று சொல்லிவிட்டார்கள். டிரைவர் நல்ல மனிதர், வெயிலில் விடக் கூடாது என்று உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பெட்டிகளை இறக்கி வைத்துப் பூட்டியிருக்கிறார். வெயில் படாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் தகரத்தின் அடியில் சூடு எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கொட்டகையில் வெப்பம் பதியும் சிறு கருவியைச் செப்டம்பரில் இரண்டு நாள் வைத்தேன். மதியம் 41 தொட்டது. மே மாதத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஒயின் 20 டிகிரி சூடானால் ஒரு பாட்டிலுக்குச் சுமார் 5 மில்லி அளவு விரியும். கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவில் விட்டிருக்கும் வெற்றிடமே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த இடம் நிரம்பியதும் உள்ளே இருக்கும் காற்று நசுங்கிக் கார்க்கை முட்டும். ஒயின் பக்கவாட்டில் வழி தேடிக் கசியும். மூன்று பகல் இது நடந்தது. அதன்பின் திங்கள் இரவு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் மலையேறி, விடிவதற்குள் 14 டிகிரி அறைக்குள் போய்ப் படுத்தது. குளிர்ந்ததும் ஒயின் சுருங்கும். கசிந்த வழியாகவே காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாதம் நிதானமாகத் தன் வேலையைச் செய்தது. வெந்தது அந்தக் கொட்டகையில்தான், காற்று புகுந்தது அந்த ராத்திரிதான். நல்ல அறை அதற்கப்புறம் அதைப் பாதுகாப்பாக வைத்திருந்தது, அவ்வளவே.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. அதே வண்டியில் ஆறு பாட்டில் மதேரா வந்திருந்தது. அட்லாண்டிக்கில் உள்ள போர்ச்சுகல் தீவின் ஒயின். அந்தக் காலத்தில் பீப்பாய்களில் ஏற்றி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவுக்குக் கொண்டுவரும் வழியில், கப்பல் அடித்தளத்துச் சூட்டிலேயே அதன் ருசி கூடியது என்று கண்டுபிடித்து, பிற்பாடு வேண்டுமென்றே சூடாக்கிச் செய்யத் தொடங்கினார்கள். ஏற்கெனவே வெந்த ஒயின் என்பதால் தகரக் கொட்டகை அதை ஒன்றும் செய்யவில்லை. திறந்து பார்த்தோம், பிரமாதமாக இருந்தது. அதே வண்டி, அதே கொட்டகை, அதே மூன்று நாள்.

மாற்றியது

இறக்குமதி ஒயின் இப்போது நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் மட்டும் மலையேறுகிறது. வண்டி மேட்டுப்பாளையத்தில் நிற்பதில்லை. நிற்க வேண்டிவந்தால் ஹோட்டலின் சின்ன வண்டி இரவிலேயே இறங்கிப் போய் ஏற்றி வருகிறது. ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பெட்டிக்குள் வெப்பம் பதியும் கருவி ஒன்று பயணம் செய்கிறது. அதன் விலை ஒரு பாட்டில் விலையில் சிறு பங்குகூட இல்லை. வந்து இறங்கியதும் பெட்டிக்கு இரண்டு பாட்டிலாவது எடுத்து மூடியைத் திருகிப் பார்க்கிறார்கள். ஒரே ஒயினாக இருந்தாலும் வந்த மாதம் வேறு என்றால் அடுக்கும் வேறு, கழுத்தில் தேதிச் சீட்டும் தொங்குகிறது. இதில் எதையாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று கேட்கும் ஹோட்டல்களுக்கு நான் கடைசியாகச் சொன்னதையே செய்யச் சொல்வேன். சரக்கைக் கலக்காமல் வைத்திருந்தால் இந்தக் கோளாறு இரண்டாவது பாட்டிலிலேயே பிடிபட்டிருக்கும்.

கேப்டன் தன் பங்குக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எந்த மேஜையில் எது மிச்சமானது என்று இரவு எழுதி வைக்கிறார். உணவு, ஒயின், தேநீர் எல்லாம்.

சோதனைக்கு ஒன்று போக மீதியிருந்த 26 பாட்டில்களை என்ன செய்வது என்பதில் வாக்குவாதம் நடந்தது. கணக்குப் பிரிவில், விலையைக் குறைத்துக் கோப்பை கோப்பையாக விற்கலாம் என்றார்கள். பொது மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒயின் முழுவதும் சமையலறைக்குப் போனது. ஆட்டுத்தொடையை அதில் ஊறப்போட்டு மெதுவாக வேகவைக்கிறார் செஃப். எப்படியும் வேகப்போகிற ஒயின் என்பதால் அங்கே அது குறையாகத் தெரியவில்லை. கோயம்புத்தூர்த் தம்பதிக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி, பாட்டிலுக்கான பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மா போன் செய்து, "எங்களுக்குத்தான் ருசி தெரியலையோன்னு நெனச்சுட்டு வந்துட்டோம்" என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. டிசம்பரில் மறுபடி வந்தார்கள். ஜனவரிச் சரக்கிலிருந்து ஒரு பாட்டிலைக் கேப்டனே திறந்து ஊற்றினார். அன்றைய நோட்டில் அந்த மேஜைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

அதே டிசம்பரில் வந்த புதுச் சரக்கின் கருவியைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். வழி நெடுக 20-க்குக் கீழே போன கோடு, ஓரிடத்தில் மட்டும் 24-க்கு ஏறி இறங்கியிருந்தது. டிரைவரிடம் கேட்டோம். "சேலம் தாண்டி டீ குடிக்க நிறுத்துனேன் சார், அரை மணி நேரம்" என்றார். கோட்டிலும் அரை மணி நேரம்தான் இருந்தது.